வாரங்கோஸ்: ஒரு சத்தியத்தின் பெயர்

1034ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே யோவான்னஸ் ஸ்கைலிட்ஸஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் ஒரு சிறிய சம்பவத்தைச் சொல்கிறார். பேரரசின் கூலிப்படை ஒன்று குளிர்காலத்துக்காகச் சின்ன ஆசியாவின் மேற்குப் பகுதியான திராகேசியன் மாகாணத்தில் ஊர் ஊராகப் பிரித்துத் தங்கவைக்கப்பட்டிருந்தது. அந்தப் படையின் வீரன் ஒருவன் ஆளரவமற்ற இடத்தில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை வழிமறித்தான். இணங்க வைக்கப் பார்த்தான். முடியாதபோது பலாத்காரத்தில் இறங்கினான். அவள் அவன் வாளையே உருவி நெஞ்சில் செருகினாள். செய்தி பரவியதும் அவனுடைய தோழர்கள் திரண்டு வந்தார்கள். ஊர் நடுங்கியிருக்கும். ஆனால் வந்தவர்கள் அந்தப் பெண்ணுக்கு மரியாதை செய்தார்கள். செத்தவனின் உடைமை முழுவதையும் அவளிடம் கொடுத்தார்கள். அவன் பிணத்தைப் புதைக்காமல் எறிந்துவிட்டுப் போனார்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியப் பிரதி ஒன்றில் இந்தச் சம்பவத்துக்குப் படமும் உண்டு. மாட்ரிடில் உள்ள ஸ்பெயின் தேசிய நூலகத்தில் அதை இன்றும் காணலாம்.

அந்த வீரர்களை ஸ்கைலிட்ஸஸ் 'வாரங்கோய்' என்கிறார். ஒருமையில் 'வாரங்கோஸ்'. கிரேக்க வரலாற்று நூல்களில் இந்தச் சொல் தலைகாட்டும் மிகப் பழைய நிகழ்ச்சிகளில் இது ஒன்று. வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து கான்ஸ்டாண்டினோபிள் பேரரசரின் மெய்க்காவலராகப் பணியாற்றிய நோர்ஸ் வீரர்களின் பெயராக உலகம் இதை அறிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'வரேஞ்சியன்' என்பார்கள். தமிழில் வாரங்கியர் என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாக இதை ஓர் இனப்பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தப் பெயருக்குள் இருப்பது ஒரு சத்தியம். பிறகுதான் அது மக்களின் பெயராகவும் நாட்டின் பெயராகவும் ஆக்கப்பட்டது. அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் போனதால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் வீணாக மோதிக்கொண்டார்கள்.

சொல் கிரேக்க மொழியில் பிறந்ததல்ல. பழைய நோர்ஸ் மொழியில் இதன் வடிவம் 'வேரிங்கி', பன்மையில் 'வேரிங்கியர்'. இதை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் பாதி 'வார்': சத்தியம், வாக்குறுதி, நம்பிக்கை. ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்குகளைக் கேட்டிருந்து, மீறுகிறவர்களைத் தண்டிக்கும் தெய்வம் ஒன்று நோர்ஸ் புராணத்தில் உண்டு. அந்தப் பெண்தெய்வத்தின் பெயரும் வார்தான் என்று ஐஸ்லாந்தின் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இரண்டாம் பாதி 'செல்பவன்' என்று பொருள்படும் 'கெங்கி' என்ற சொல் தேய்ந்து நிற்கும் வடிவம். பின்னால் வரும் இகர, யகர ஒலிகள் முன்னால் உள்ள ஆகாரத்தை ஏகாரத்தின் பக்கம் இழுப்பது நோர்ஸ் மொழியின் இயல்பு. அதனால் 'வார்' இங்கே 'வேர்' என்று ஒலிக்கிறது. தலைவன் என்று பொருள்படும் 'ஃபோரிங்கி' என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்ததுதான்: முன்னால் செல்பவன். அப்படியானால் வேரிங்கி என்பவன் சத்தியத்துக்குள் செல்பவன்; வாக்குக் கொடுத்து ஒருவரின் நிழலுக்குள் நுழைபவன்.

யார் யாருக்குக் கொடுத்த வாக்கு? இங்கே அறிஞர்கள் பிரிகிறார்கள். கடல்கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் லாபத்திலும் ஆபத்திலும் கைவிடமாட்டோம் என்று தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை என்பது ஒரு கருத்து. அந்நிய நாட்டில் வந்திறங்கியவன் அங்குள்ள அரசனுக்குக் கொடுத்த விசுவாசப் பிரமாணம், அதற்குப் பதிலாக அவன் பெற்ற பாதுகாப்பு என்பது இன்னொரு கருத்து. இரண்டாவதன் பக்கம்தான் சான்று கனமாக இருக்கிறது. அந்தச் சான்று ஸ்காண்டிநேவியாவில் இல்லை, இத்தாலியில் இருக்கிறது.

643ஆம் ஆண்டில் லொம்பார்டு அரசன் ரோதாரி தன் மக்களின் வழக்காறுகளை லத்தீனில் சட்டமாகத் தொகுத்து வெளியிட்டான். அதில் 'வாரெகாங்' என்ற பிரிவினரைப் பற்றி ஒரு விதி வருகிறது. வெளி எல்லைகளிலிருந்து வந்து அரசனின் அதிகாரமென்னும் கேடயத்தின் கீழ் ஒடுங்குகிற அந்நியர்கள் இவர்கள். அரசன் தனியாக அனுமதி தந்தாலொழிய அவர்கள் லொம்பார்டுச் சட்டப்படியே வாழவேண்டும். சட்டபூர்வமான பிள்ளைகள் இல்லாவிட்டால் தங்கள் சொத்தை மன்னன் உத்தரவின்றி யாருக்கும் கொடுக்கக்கூடாது. பழைய ஆங்கிலக் கவிதைகளில் 'வேர்கெங்கா' என்ற சொல் அடைக்கலம் தேடி வந்த அந்நியனைக் குறிக்கிறது. ஃபிராங்குகளிடமும் இதற்கு உறவான சொல் இருந்தது. வைக்கிங் கப்பல்கள் கடலில் இறங்குவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த ஜெர்மானிய மக்களிடையே இந்தச் சொல்லும் இதன் சட்டப் பொருளும் புழங்கிவந்தன என்பது இதனால் தெரிகிறது. சொந்த பந்தம் இல்லாத ஊரில் ஒருவனுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அவன் கொடுத்த வாக்கு. அந்த நிலைக்கு இட்ட பெயர் இது.

கிழக்கே போனாலும் இதே நிலைதான். கீவ் நாட்டின் பழைய சட்டத்தொகுப்பான ரூஸ்காயா பிராவ்தாவில் ஒரு விதி. ஒருவனை ஒருவன் பிடித்துத் தள்ளினாலோ தன் பக்கம் இழுத்தாலோ 3 கிரிவ்னா அபராதம். வழக்குத் தொடுப்பவன் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அடிபட்டவன் 'வர்யாக்' அல்லது 'கோல்ப்யாக்' என்றால் சாட்சி வேண்டாம். அவன் சத்தியம் செய்தால் போதும். வர்யாக் என்பது வேரிங்கியின் ஸ்லாவிய உரு. கோல்ப்யாக் என்பவர்களும் வடக்கிலிருந்து வந்தவர்களே. இந்தச் சலுகை எதற்காக? உள்ளூரில் அவனுக்காக வந்து நிற்க அண்ணன் தம்பியோ அயலாரோ கிடையாது. அதனால் அவன் வாய்ச்சொல்லையே சட்டம் ஏற்கிறது. பெயரில் உள்ள சத்தியமும் நீதிமன்றத்தில் கேட்கப்படும் சத்தியமும் இந்த ஒரு வரியில் சந்தித்துக்கொள்வதை, இந்த ஆராய்ச்சியில் கிடைக்கும் மிக அழகான சான்று என்பேன்.

நோர்ஸ் சொல் கிரேக்கரின் காதுக்கு எந்த வழியாகப் போனது? ஒலிகளைக் கொண்டு ஓரளவு கண்டுபிடிக்கலாம். நேராக நோர்ஸ் வாயிலிருந்து போயிருந்தால் கிரேக்கத்தில் 'வேரிங்கோஸ்' போன்ற ஒரு வடிவத்தை எதிர்பார்க்கவேண்டும். வந்திருப்பதோ வாரங்கோஸ், இரண்டாம் அசையில் இகரம் இல்லை, அகரம் இருக்கிறது. ஸ்லாவியர் அந்த 'இங்' என்ற ஒலியைத் தங்கள் மூக்குயிராக மாற்றி, ஏறக்குறைய 'வாரெங்கு' என்று சொன்னார்கள். அந்த மூக்குயிர் கிரேக்கக் காதில் 'அங்' என்று விழுந்திருக்கலாம். ஆகவே சொல் ஸ்லாவியர் வழியாக வந்தது என்று பலர் கொள்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிழக்கு ஸ்லாவியர் 10ஆம் நூற்றாண்டில் அந்த மூக்குயிரை இழந்துவந்தார்கள். வாரெங்கு வர்யாக் ஆனது அப்படித்தான். சுமார் 950இல் பேரரசர் ஏழாம் கான்ஸ்டான்டின் நீப்பர் ஆற்றின் ஆபத்தான நீர்வீழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது ஒன்றின் ஸ்லாவியப் பெயரை 'நெயாசித்' என்று எழுதினார். அந்தச் சொல்லில் முன்பு இருந்த மூக்கொலி அங்கே காணோம். ஆனால் ஸ்வியாதோஸ்லாவ் என்ற இளவரசனின் பெயரை அவரே 'ஸ்ஃபெந்தோஸ்த்லாவோஸ்' என்று மூக்கொலியோடு எழுதுகிறார். பழைய உச்சரிப்பும் புதியதும் ஒரே காலத்தில் காதில் விழுந்திருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் வாரங்கோஸ் கிரேக்கத்துக்குள் நுழைந்திருக்கவேண்டும் என்பது என் முடிவு: எழுத்தில் அது நமக்குக் கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, துறைமுகத்திலும் படைமுகாமிலும் வாய்வழியாக. எழுத்தாளர்கள் தெருச்சொல்லை நூலில் ஏற்றத் தயங்கியது பைசாந்தியத்தில் சாதாரணம். 11ஆம் நூற்றாண்டின் பெரிய அறிவாளி மைக்கேல் செல்லோஸ், தோளில் கோடரியோடு அரண்மனையில் நின்ற இந்த வடக்கத்தியரைத் 'தவ்ரோஸ்கித்தியர்' என்று பழங்காலப் பெயரால்தான் அழைத்தார்.

சொல் இன்னொரு பக்கமும் பயணம் போனது. இந்தியாவைப் பற்றி எழுதியதால் நமக்கு நன்கு அறிமுகமான அல்பெரூனி, கஸ்னியில் இருந்துகொண்டு 1029இல் எழுதிய வானியல் நூலில் வடக்கே 'வரங்க்' மக்களின் கடல் ஒன்று இருப்பதைக் குறிப்பிடுகிறார். அது பால்டிக் கடல். ருஷ்ய நாளாகமத்திலும் அதன் பெயர் வர்யாகுகளின் கடல்தான். ஆப்கானிஸ்தானத்தில் இருந்த ஓர் அறிஞர் காதுவரை மூக்கொலி குறையாமல் இந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது.

கிரேக்கரிடம் இதற்கு முன்பே 'ரோஸ்' என்ற சொல் இருந்தது. நீப்பர் வழியாக வந்த வடக்கத்தியரை 9ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படித்தான் அழைத்தார்கள். 911இல் கிரீட் தீவின் மீது போன கடற்படையில் 700 ரோஸ் வீரர்கள் சம்பளத்துக்குப் போனதாகக் கணக்கு இருக்கிறது. பிறகு ஏன் புதுச்சொல்? ரோஸ் என்பவர்கள் மெல்ல மெல்லக் கீவில் ஊன்றி, ஸ்லாவிய மொழி பேசி, கிறிஸ்தவர்களாகி, ஓர் அரசாகவே மாறிவிட்டார்கள். கடலுக்கு அப்பாலிருந்து புதிதாக வந்துகொண்டிருந்தவர்களை அவர்களிடமிருந்து பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. வந்தவர்கள் தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்ட பெயர் கையில் இருந்தது.

988இல் பேரரசர் இரண்டாம் பசிலியோஸ் உள்நாட்டுப் போரில் நெருக்கடியில் இருந்தார். கீவ் இளவரசன் விளாதிமிர் அவருக்கு அனுப்பிய படையின் எண்ணிக்கை 6,000 என்கிறார் ஆர்மீனிய வரலாற்றாசிரியர் தாரோனின் ஸ்தெபானோஸ். அவர்கள் துணையோடு பசிலியோஸ் கிரிசோபோலிஸில் வென்றார். 989 ஏப்ரலில் அபிதோஸில் எதிரி பர்தாஸ் ஃபோகாஸ் களத்திலேயே இறந்தார். ருஷ்ய நாளாகமம் கொஞ்சம் வேறு கோணத்தில் பேசுகிறது. சம்பளம் கேட்டு நச்சரித்த வர்யாகுகளை விளாதிமிர் கிரேக்கரிடம் தள்ளிவிட்டதாகவும், அவர்களை நகரில் ஒன்றாக வைக்காதே, பிரித்துவை, ஒருவனையும் இங்கே திருப்பி அனுப்பாதே என்று பேரரசருக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பியதாகவும் அது சொல்கிறது. பசிலியோஸ் அவர்களைத் தன் அருகிலேயே வைத்துக்கொண்டார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. உள்ளூர்ப் படைத்தலைவன் ஒவ்வொருவனுக்கும் குடும்பமும் நிலமும் அரியணைமேல் ஒரு கண்ணும் இருந்தன. வந்தவனுக்குத் தான் செய்த சத்தியத்தைத் தவிர அந்த நாட்டில் வேறொன்றும் இல்லை.

இங்கே சொல்லின் பொருள் சுருங்கிப் பதவிப் பெயராகிறது. 1088இல் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் பத்மோஸ் தீவைத் துறவி கிறிஸ்தோதுலோஸுக்குத் தானமாக எழுதிக்கொடுத்த ஆணையில், அத்தீவில் எந்தப் படையையும் தங்கவைக்கக்கூடாது என்று ஒவ்வொரு பிரிவையும் பெயர் சொல்லி விலக்குகிறார்கள்: ரோஸ், வாரங்கோய், கூல்பிங்கோய், இங்லினோய், ஃபிராங்கோய் (நம் 'பறங்கி'யின் மூலச்சொல்), நெமித்சோய் என்று நீள்கிறது அந்த வரிசை. கூல்பிங்கோய் என்பவர்கள் ருஷ்யச் சட்டத்தில் பார்த்த அதே கோல்ப்யாகுகள். எழுத்தர்களுக்கு இவை சம்பளப்பட்டியலில் தனித்தனித் தலைப்புகள். சத்தியத்தின் நினைவு அங்கே இருந்திருக்காது.

ஆனாலும் சொல்லின் பழைய உயிர் எங்கோ துடித்துக்கொண்டிருந்தது என்று எண்ணவைக்கும் இடம் ஒன்று அன்னா கொம்னேனாவின் நூலில் இருக்கிறது. 1081இல் அவர் தந்தை அலெக்சியோஸ் அரியணையைப் பிடிக்க கான்ஸ்டாண்டினோபிளை முற்றுகையிட்டபோது, மதிலின் எந்தப் பகுதியை யார் காக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஓரிடத்தில் 'மரணமற்றவர்' என்ற பெயருடைய படை, ஓரிடத்தில் வடகோடித் தூலே தீவிலிருந்து வந்த, தோளில் கோடரி தாங்கிய வாரங்கியர், ஓரிடத்தில் ஜெர்மானியர். முதிய சீசர் யோவான்னஸ் தூக்காஸ் முதல் இரண்டு பிரிவினரையும் அணுகவேண்டாம் என்றார். வாரங்கியர் பேரரசரிடம் காட்டும் விசுவாசத்தைத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் அடைக்கலப் பொருள்போலக் காப்பவர்கள், காட்டிக்கொடுப்பது பற்றிய பேச்சையே கேட்கமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஜெர்மானியரை விலைபேசினார்கள், வாயில் திறந்தது. அன்னாவுக்கு நோர்ஸ் மொழி தெரியாது. வார் என்றால் என்னவென்றும் தெரியாது. இருந்தும் இந்த மக்களை அடையாளப்படுத்த அவர் எடுத்துக்கொண்ட ஒரே குணம் அந்தச் சொல்லுக்குள் இருப்பதுதான்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அன்று மதிலில் நின்று வாரங்கியர் காத்த அதே பேரரசர் மூன்றாம் நிகெபோரோஸின்மீது அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அவர்களே குடிபோதையில் பாய்ந்தார்கள் என்றும் பைசாந்திய எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1042இல் பேரரசர் ஐந்தாம் மைக்கேலை மக்கள் தூக்கியெறிந்தபோது வடக்கத்திய வீரர்களும் கிளர்ச்சியில் சேர்ந்துகொண்டார்கள். பெயரில் சத்தியம் இருப்பதால் ஒவ்வொருவனும் சத்தியசந்தன் ஆகிவிடுவதில்லை.

சொல் நாடாக மாறியதற்குக் கெகவ்மெனோஸின் நூல் சாட்சி. 1070களில் தன் மக்களுக்கும் பேரரசருக்கும் அறிவுரையாக எழுதிய இந்த முதிய படைத்தலைவர், அந்நியருக்குப் பெரிய பதவி கொடுக்கவேண்டாம் என்று வாதிடும்போது 'அரால்தேஸ்' என்பவனை உதாரணம் காட்டுகிறார். வாரங்கியா நாட்டு அரசனின் மகனான அவன் 500 பேரோடு வந்தான், சிசிலியில் போரிட்டான், அரண்மனைக் காவலில் மங்லாவிதேஸ் என்ற பட்டம் பெற்றான், பல்கேரியப் போருக்குப் பின் ஸ்பதாரோகாந்திதாதோஸ் ஆனான், இவ்வளவு சிறிய பட்டத்துக்கு அவன் முணுமுணுக்கவில்லை. பிறகு ஊர்போக அனுமதி கிடைக்காமல் ரகசியமாகத் தப்பிப்போய் அரசனானான். அரசனான பின்னும் ரோமரிடம் விசுவாசத்தையும் அன்பையும் காத்தான் என்று முடிக்கிறார் கெகவ்மெனோஸ். இவன்தான் 1066 செப்டம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் மடிந்த நார்வே மன்னன் ஹரால்ட் சிகுர்த்சன், பின்னாளில் ஹர்த்ராதா எனப்பட்டவன். வாரங்கியா என்ற பெயரில் ஒரு நாடு பூமியில் என்றுமே இருந்ததில்லை. சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும். ஆகவே கிரேக்கம் அவர்களுக்கு ஒரு நாட்டை உண்டாக்கிக் கொடுத்தது.

வீரர்களின் சொந்த மண்ணில் நிலைமை நேர்மாறு. கிரேக்கத்துக்குப் போனவர்களைக் குறிப்பிடும் ரூனிக் கல்வெட்டுகள் ஸ்வீடனில் சுமார் 30 உண்டு. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே எட் என்ற இடத்தில் ஒரு பெரும்பாறை. ரக்ன்வால்ட் என்பவன் அங்கே இறந்த தன் தாய் ஃபாஸ்த்வியின் நினைவாக எழுத்துகளை வெட்டவைத்து, தான் கிரேக்க நாட்டில் இருந்ததையும் படைக்குத் தலைவனாக இருந்ததையும் அதில் சொல்லிக்கொள்கிறான். தலைவன் என்பதற்கு அவன் பயன்படுத்தும் சொல் நாம் பார்த்த 'ஃபோரிங்கி'. வேரிங்கி என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவன் ரக்ன்வால்ட். அவன் அந்நியனாகவும் அடைக்கலமாகவும் இருந்தது இன்னொரு நாட்டில்தான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஐஸ்லாந்தின் சாகாக்கள் எழுதப்பட்டபோது வேரிங்கி என்றால் மிக்லகார்த்தில், அதாவது கான்ஸ்டாண்டினோபிளில், பேரரசரிடம் பணியாற்றிப் பட்டும் பொன்னுமாய்த் திரும்பியவன் என்று பெருமையோடு பொருள் உறைந்துவிட்டிருந்தது. வர்யாக், வாரங்கோஸ், வேரிங்கி மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் ருஷ்யர் ஒரு கடலுக்கு அப்பாலிருந்து வருகிறவனையும், கிரேக்கர் ஒரு படைப்பிரிவையும், ஐஸ்லாந்தியர் ஒரு வாழ்க்கை அனுபவத்தையும் அதனால் குறித்தார்கள்.

பெயர் இனத்தைக் குறிக்கவில்லை என்பதற்கு வலுவான சான்று அதன் பிற்கால வரலாறு. 1066க்குப் பின் நார்மன்களிடம் நாட்டை இழந்த ஆங்கிலேயர் கூட்டங்கூட்டமாகக் கான்ஸ்டாண்டினோபிளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1203இல் சிலுவைப்போர் வீரர்கள் நகரை முற்றுகையிட்டபோது மதிலில் கோடரிகளோடு நின்றவர்கள் ஆங்கிலேயரும் டேனியரும் என்று முற்றுகையிட்டவர்களில் ஒருவரான வில்லார்துவான் எழுதுகிறார். 14ஆம் நூற்றாண்டின் அரண்மனைச் சடங்கு நூல் ஒன்று கிறிஸ்துமஸ் விருந்தை வர்ணிக்கிறது. ஒவ்வொரு பிரிவாக வந்து பேரரசருக்கு நீண்ட ஆயுள் வாழ்த்துகிறது. வாரங்கியர் முறை வரும்போது அவர்கள் கோடரிகளை ஒன்றோடொன்று மோதி ஓசையெழுப்பி, தங்கள் தாய்மொழியில், அதாவது ஆங்கிலத்தில், வாழ்த்துகிறார்கள். ஆட்கள் மாறிவிட்டார்கள், மொழி மாறிவிட்டது. பெயர் அப்படியே நின்றது. அது நின்ற இடம் பேரரசரின் பக்கத்தில் வாக்குக்கொடுத்து நிற்பவனின் இடம்.

இதையெல்லாம் மீறி 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் இனச்சண்டையின் ஆயுதமாயிற்று. கலகத்தில் தவித்த நாட்டை ஆள 862இல் கடல்கடந்து ரூரிக் என்ற வர்யாகு அழைக்கப்பட்டதாக ருஷ்ய நாளாகமம் சொல்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் இருந்த ஜெர்மானியர் பாயர் 1735இல் வர்யாகுகள் ஸ்காண்டிநேவியர் என்று லத்தீனில் கட்டுரை எழுதினார். 1749இல் அகாதெமியின் இன்னொரு ஜெர்மானியர் முல்லர் அதே கருத்தில் உரை தயாரித்தபோது ருஷ்ய அறிஞர் லொமனோசவ் கொதித்தெழுந்தார். முல்லரின் உரைக்குத் தடை விழுந்தது. வர்யாகுகள் பால்டிக் கரையின் ஸ்லாவியரே என்பது லொமனோசவின் வாதம். அந்நியர் நிறைந்த அகாதெமியில் ருஷ்யர் அவமதிக்கப்படுகிறார்கள் என்ற அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் மொழிச் சான்று அவர் பக்கம் இல்லை. 1876இல் டேனிய மொழியியலாளர் வில்ஹெல்ம் தாம்சன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்குப் பிறகு சொல்லின் நோர்ஸ் மூலத்தை மறுப்பது கடினமாயிற்று. இருதரப்பும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வர்யாகு எந்த இனம்? ரோதாரியின் சட்டத்தையும் ரூஸ்காயா பிராவ்தாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே மாறுகிறது. எந்த ஒப்பந்தத்தின் பேரில், யாருடைய பாதுகாப்பில் அவன் அங்கே இருந்தான் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ருஷ்ய மொழி அந்தப் பழைய பொருளை ஒருபோதும் முழுக்கக் கைவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் விளாதிமிர் தால் தொகுத்த அகராதியில், கிராமம் கிராமமாகப் போய்ச் சாமான் வாங்கி விற்கும் வெளியூர் வியாபாரிக்கு மாஸ்கோப் பேச்சுவழக்கில் வர்யாக் என்று பெயர். இன்று ஒரு மாகாணத்துக்கு அங்கே வேரில்லாத ஒருவர் தலைநகரிலிருந்து ஆளுநராக அனுப்பப்பட்டால், அங்குள்ள பத்திரிகைகள் அவரையும் வர்யாக் என்றே எழுதுகின்றன.